விமானத்தில் பாகுபாடா? புகாரைக் கணக்கில் ஏற வைப்பது எப்படி

கேட்டு வைத்த வீல்சேர் வரவில்லை. துணைக்கு ஆள் இல்லாமல் ஏற்ற முடியாது என்கிறார்கள். இறங்கிப் பார்த்தால் சொந்த நாற்காலியின் கால்தாங்கி உடைந்து தொங்குகிறது. நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? கவுன்ட்டரில் சத்தம் போடுவார்கள். மேலதிகாரி ஒருவர் வந்து சாரி சொல்வார். மாநில எல்லையான வாளையாரைத் தாண்டுவதற்குள் பாதிக் கோபம் ஆறிவிடும். மீதியைப் பயணக் களைப்பு தின்றுவிடும்.

அந்தச் சண்டை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. விமான நிறுவனத்தின் ஏடுகளில் அன்றைக்கு எல்லாம் நல்லபடியாக நடந்ததாகத்தான் இருக்கும். எழுத்தில் போனால்தான் புகார். அப்படிப் போனாலும் அது எந்தத் தலைப்பின் கீழ் விழுகிறது என்பது நாம் எழுதும் விதத்தைப் பொறுத்தது. இந்தப் பதிவு முழுக்க அதைப் பற்றித்தான்.

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், பாலக்காட்டுச் சித்தூர் பக்கத்து ஆட்களை மனதில் வைத்து எழுதுகிறேன். நாம் கேரளத்தில் குடியிருக்கிறோம், பெரும்பாலும் கோவை பீளமேட்டில் விமானம் ஏறுகிறோம், வளைகுடாவுக்கு என்றால் கொச்சியின் நெடும்பாசேரி. 'நான் எந்த மாநிலத்தில் புகார் கொடுப்பது?' என்பதுதான் என்னிடம் முதலில் வரும் கேள்வி. விமானப் போக்குவரத்து மத்திய அரசின் கையில் இருக்கிறது. அதனால் புகாரின் பெரும்பகுதிக்கு மாநில எல்லை ஒரு பொருட்டே இல்லை. பொருட்டாகும் ஒரே இடம் நுகர்வோர் ஆணையம். அதுவும் நமக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

படி 1: டிக்கெட் போடும்போதே

புகாருக்கான வேலை இங்கேயே தொடங்குகிறது. உதவி வேண்டும் என்பதைப் பயணத்துக்கு 48 மணி நேரம் முன்பாவது சொல்லி, டிக்கெட்டில் பதிய வைக்க வேண்டும். வீல்சேருக்கு விமான உலகில் மூன்று குறியீடுகள் உண்டு. டபிள்யூ.சி.எச்.ஆர் என்றால் படி ஏறுவார், ஆனால் நெடுந்தூரம் நடக்க முடியாது. டபிள்யூ.சி.எச்.எஸ் என்றால் படி ஏற முடியாது, விமானத்துக்குள் நடந்து போய் உட்கார்ந்துகொள்வார். டபிள்யூ.சி.எச்.சி என்றால் நடக்கவே முடியாது, இருக்கை வரைக்கும் நாற்காலி வேண்டும்.

டிராவல்ஸ்காரர்களில் பலர் யார் கேட்டாலும் முதல் குறியீட்டையே போட்டுவிடுகிறார்கள். அப்புறம் என்ன ஆகும்? இரண்டு காலிலும் போலியோ பாதித்தவரை விமானப் படிக்கட்டின் அடியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, 'ஏறுங்க' என்பார்கள். புகார் கொடுத்தால், 'நீங்கள் கேட்ட சேவையைக் கொடுத்துவிட்டோம்' என்று பதில் வரும். அவர்கள் ஏட்டின்படி அது சரிதான். அதனால் டிக்கெட் கைக்கு வந்ததும் பி.என்.ஆர். போட்டுப் பார்த்து, எந்தக் குறியீடு ஏறியிருக்கிறது என்று நிறுவனத்திடமே போனில் கேட்டுவிடுங்கள். அந்தப் பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

யு.டி.ஐ.டி. எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கையில் இருக்கட்டும். பாலக்காட்டில் வாங்கிய அட்டை கோவையிலும் செல்லும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன்படி அது நாடு முழுக்கச் செல்லுபடியாகும்.

படி 2: விமான நிலையத்திலேயே செய்ய வேண்டியவை

போர்டிங் பாஸைப் படம் எடுங்கள். எத்தனை மணிக்கு எதைக் கேட்டீர்கள், எத்தனை மணிக்கு அது வந்தது, எதிரே நின்றவரின் பேட்ஜில் என்ன பெயர் இருந்தது என்பதையெல்லாம் அங்கேயே போனில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து யோசித்தால் நேரம் எல்லாம் குழம்பும்.

ஏற்ற மறுத்தால் கேட்க வேண்டியது ஒன்றுதான்: 'காரணத்தை எழுதிக் கொடுங்கள்.' சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்கு, அதாவது டி.ஜி.சி.ஏ.வுக்கு, இதற்கென்றே ஒரு விதித்தொகுப்பு இருக்கிறது: பிரிவு 3, வரிசை எம், பகுதி 1. 2022 மே மாதம் ராஞ்சியில் மாற்றுத்திறன் குழந்தை ஒன்றை ஏற்ற மறுத்ததற்காக இண்டிகோவுக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் விழுந்தது. அதே ஆண்டு ஜூலையில் விதியைத் திருத்தினார்கள். அதன்படி உடல் குறைபாட்டைக் காரணம் காட்டி ஏற்ற மறுக்கக் கூடாது. பறக்கும்போது உடல்நிலை மோசமாகலாம் என்று நிறுவனம் நினைத்தால், விமான நிலையத்தில் டாக்டர் நேரில் பார்த்துத் தன் கருத்தைச் சொல்ல வேண்டும். அதன் பிறகும் மறுத்தால் காரணத்தை உடனே எழுத்தில் தர வேண்டும். 'எழுதிக் கொடுங்கள்' என்றவுடன் பல கவுன்ட்டர்களில் குரல் இறங்கிவிடும். எழுதித் தர மறுத்தால் அதையும் நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள்.

சொந்த நாற்காலி உடைந்து வந்திருந்தால், வருகைக் கூடத்தை விட்டு வெளியே வருவதற்கு முன் பேக்கேஜ் கவுன்ட்டரில் பி.ஐ.ஆர். எனும் சேத அறிக்கையைப் போடச் சொல்லி, நகலை வாங்குங்கள். சேதத்துக்கான எழுத்துப் புகார் 7 நாட்களுக்குள் போயாக வேண்டும். வெளியே கார் காத்திருக்கிறது என்று அவசரப்பட்டு இதை விட்டவர்கள் அநேகம்.

இன்னொன்று. காலில் மாட்டும் தாங்கியான காலிப்பரைக் கழற்றச் சொன்னது, செயற்கைக் காலைத் தனியாக ஸ்கேனில் போடச் சொன்னது போன்றவை பாதுகாப்புச் சோதனையில் நடப்பவை. கோவையிலும் கொச்சியிலும் அந்த வேலை மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையுடையது. அதை விமான நிறுவனத்துக்கு எழுதினால் 'எங்களுடையது அல்ல' என்று மூடிவிடுவார்கள். ஆனால் வீல்சேர் தள்ளுபவர் வேறு ஏதோ ஒப்பந்த கம்பெனிச் சட்டை போட்டிருந்தாலும், அதற்குப் பதில் சொல்ல வேண்டியது விமான நிறுவனம்தான். இதில் ஏமாறாதீர்கள்.

படி 3: புகாரை எழுதுவது

எங்கள் தெருவில் ஓர் அக்கா, கோவையிலிருந்து சென்னை போய்வந்த பிறகு எழுதிய முதல் வரைவு ஏறக்குறைய இப்படி இருந்தது:

'நான் உங்கள் விமானத்தில் பயணம் செய்தேன். ஊழியர்கள் மிகவும் மோசமாக நடந்துகொண்டார்கள். ரொம்ப நேரம் காக்க வைத்தார்கள். மனம் புண்பட்டது. தக்க நடவடிக்கை எடுக்கவும்.'

எல்லாம் உண்மைதான். ஆனால் மறுமுனையில் இதைப் படிக்கும் கால்சென்டர் பையனின் திரையில் ஒரு பட்டியல் இருக்கும். விமானத் தாமதம், லக்கேஜ், ரீஃபண்ட், வாடிக்கையாளர் சேவை, ஊழியர் நடத்தை, மாற்றுத்திறன் என்று போகும். இந்தக் கடிதத்தைப் படித்தால் 'ஊழியர் நடத்தை' என்று தட்டிவிட்டு அடுத்ததற்குப் போவான். அவனைக் குறை சொல்ல முடியாது. அவர் வீல்சேர் பயன்படுத்துபவர் என்றே கடிதத்தில் இல்லையே!

உட்கார்ந்து மாற்றி எழுதினோம்:

'பொருள்: மாற்றுத்திறனாளிப் பயணிக்கு எதிரான பாகுபாடு குறித்த புகார். நான் போலியோவால் இரு கால்களும் செயலிழந்த, வீல்சேர் பயன்படுத்தும் பயணி. டிக்கெட்டில் டபிள்யூ.சி.எச்.சி. உதவி பதிவாகியுள்ளது (படம் இணைப்பு). ஒன்று: செக்-இன் முடிந்து 50 நிமிடம் நாற்காலி தரவில்லை. இரண்டு: துணை இல்லாமல் ஏற்ற முடியாது என்று கவுன்ட்டரில் சொன்னார்கள். எழுத்தில் கேட்டபோது தரவில்லை. மூன்று: சென்னையில் என் நாற்காலியின் இடது கால்தாங்கி உடைந்து வந்தது, பி.ஐ.ஆர். நகல் இணைப்பு. நான் கேட்பது: எழுத்தில் விளக்கம், பழுதுச் செலவு, இந்தப் புகார் எந்த வகையின் கீழ் பதிவாகியுள்ளது என்ற விவரம்.'

முதல் வரியிலேயே என்ன குறைபாடு, எந்த உதவி என்பது வந்துவிட வேண்டும். நடந்தவற்றை ஒரே பத்தியில் கொட்டாமல் எண் போட்டுப் பிரிக்க வேண்டும், ஏனென்றால் மூன்று குறைகளில் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு மூடுவது வழக்கம். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். எந்த வகையில் பதிந்தார்கள் என்று கேட்டாலே சரியாகப் பதியும் வாய்ப்பு கூடும்.

கோபத்தைத் தணித்து எழுதச் சொல்லவில்லை. கோபம் இருக்கட்டும், முதல் வரியில் வேண்டாம். ஆங்கிலத்தில் அனுப்பினால் வேலை சீக்கிரம் நடக்கும். இந்தப் பக்கம் அக்ஷயா எனும் கேரள இ-சேவை மையத்தில் தட்டச்சு செய்து தருவார்கள். தமிழில் எழுதிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னால் 'சர்வீஸ் சரியில்லை' என்று ஒரே வரியாகச் சுருக்கிவிடுவார்கள்.

படி 4: எங்கே அனுப்புவது

முதலில் விமான நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவு. பதில் வராவிட்டால் அல்லது ஒட்டாத பதில் வந்தால் அதே நிறுவனத்தில் புகார்களுக்குப் பொறுப்பான நோடல் அதிகாரி, அதற்கு மேல் மேல்முறையீட்டு அதிகாரி. இவர்கள் முகவரி நிறுவனத்தின் இணையதளத்தில், பெரும்பாலும் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். கூடவே ஏர்சேவாவில் பதியுங்கள். மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகம் 2016-இல் தொடங்கிய புகார்த் தளம் அது, செயலியும் உண்டு. ஒவ்வொரு இடத்திலும் கிடைக்கும் எண்ணை எழுதி வையுங்கள். எண் இல்லாவிட்டால் புகாரும் இல்லை.

படி 5: அங்கிருந்து எந்தக் கணக்குக்குப் போகிறது

உள்நாட்டு நிறுவனங்கள் தங்களுக்கு வந்த புகார்களை மாதாமாதம் டி.ஜி.சி.ஏ.வுக்குத் தெரிவிக்கின்றன. டி.ஜி.சி.ஏ. தன் மாத அறிக்கையில் 10,000 பயணிகளுக்கு எத்தனை புகார் என்ற விகிதத்தையும், வகைவாரியான பிரிவையும் வெளியிடுகிறது. மாற்றுத்திறன் என்று அதில் ஒரு தனி வகை உண்டு. தாமதம், லக்கேஜ் போன்றவைதான் பெரிதாகத் தெரியும். நம்முடையது ஓர் ஓரத்தில் மெல்லிய கீற்றாக இருக்கும். குறை குறைவு என்பதாலா, தப்பான பெட்டியில் விழுந்ததாலா என்று அறிக்கையைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டாவதும் நிறைய இருக்கும் என்பது என் கணிப்பு.

வளைகுடா போகிறவர்கள் கவனிக்க: அந்த அட்டவணை உள்நாட்டு விமானச் சேவைக்கானது. கொச்சியிலிருந்து வெளிநாட்டு நிறுவனத்தில் ஷார்ஜா போனவரின் புகார் அதில் வராது. ஏர்சேவாவையும் நிறுவனத்தின் பதிலையும்தான் நம்ப வேண்டியிருக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க அமெரிக்க முறை உதவும். மகனையோ மகளையோ பார்க்க அங்கே போகிறவர்களுக்கு நேரடியாகவே பயன்படும். அங்கே 1986-இல் வந்த சட்டத்தின் கீழ் 382 என்ற விதி இருக்கிறது. மாற்றுத்திறன் தொடர்பான எழுத்துப் புகார் ஒவ்வொன்றையும் நிறுவனம் இரண்டு விதமாக வகைப்படுத்த வேண்டும். பயணியின் குறைபாடு என்ன என்பது ஒன்று: பார்வை, செவித்திறன், கால்கள் செயலிழப்பு, ஒவ்வாமை என்று 13 வகை. நடந்தது என்ன என்பது மற்றொன்று: ஏற்ற மறுப்பு, துணை கேட்டது, உதவி தாமதம், கருவி சேதம் என்று அதிலும் 13. குறுக்கும் நெடுக்குமாக ஓர் அட்டவணை. முந்தைய ஆண்டின் கணக்கை ஜனவரி கடைசித் திங்கட்கிழமைக்குள் போக்குவரத்துத் துறைக்கு அனுப்ப வேண்டும், புகார்களை 3 ஆண்டு பாதுகாக்க வேண்டும். 2004 முதல் இந்தக் கணக்கு இருக்கிறது. அங்கேயும் எழுத்தில் வந்தால் மட்டுமே புகார்.

60 இருக்கைக்கு மேற்பட்ட விமானம் வைத்திருந்தால், அமெரிக்காவுக்குப் போகும், அங்கிருந்து வரும் விமானங்களுக்கு வெளிநாட்டு நிறுவனமும் கணக்குக் கொடுக்க வேண்டும். கொச்சியிலிருந்து துபாய் வழியாக நியூயார்க் போனால், விமான எண் மாறும் பட்சத்தில், துபாய்க்கு அப்புறமான பகுதி மட்டும் இதில் வரும். அந்தப் பகுதியில் பிரச்சினை என்றால் சி.ஆர்.ஓ. எனும் புகார்த் தீர்வு அலுவலரைக் கூப்பிடச் சொல்லுங்கள். நேரில் இல்லையென்றால் போனிலாவது பேச வைத்தாக வேண்டும். நிறுவனத்துக்கு 45 நாட்களுக்குள் எழுதுங்கள். 30 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தருவது அவர்கள் கடமை. வீல்சேர் பயணிகளை நடத்திய விதத்துக்காக 2024 அக்டோபரில் அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்கு 5 கோடி டாலர் அபராதம் போட்டது அந்நாட்டுப் போக்குவரத்துத் துறைதான்.

நம் ஊரில் அவ்வளவு பெரிய தொகை இல்லை, ஆனாலும் சும்மா இல்லை. 2024 பிப்ரவரியில் மும்பையில் வீல்சேர் கேட்டிருந்த 80 வயதுப் பயணி நடந்து வந்து சுருண்டு விழுந்து இறந்தார். ஏர் இந்தியாவுக்கு 30 லட்சம் அபராதம் விதித்தது டி.ஜி.சி.ஏ.

படி 6: பதில் வராவிட்டால்

பாகுபாடு என்றால் டெல்லியில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான முதன்மை ஆணையருக்கு எழுதலாம். 2016 சட்டம் அவருக்கு ஆட்களை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் சிவில் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் கொடுத்திருக்கிறது. விமானம் மத்திய அரசு விவகாரம் என்பதால் திருவனந்தபுரத்து மாநில ஆணையரைவிட இவரிடம் போவதே நேர்வழி.

பணமாக இழப்பீடு வேண்டுமென்றால் நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நாம் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். கோவையில் ஏறி டெல்லியில் இறங்கியிருந்தாலும் பாலக்காடு மாவட்ட ஆணையம் போதும். டிக்கெட் விலை 5 லட்சத்துக்கு உட்பட்டிருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், வக்கீல் கட்டாயம் இல்லை. இதைவிட மேலே போனவர்களும் உண்டு. 2012-இல் மூளை முடக்குவாதம் உள்ள ஜீஜா கோஷை ஸ்பைஸ்ஜெட் கொல்கத்தாவில் விமானத்திலிருந்து இறக்கிவிட்டது. 2016 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவருக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது.

புகார் எந்த வகையில் ஏறியது என்று நிறுவனம் கடைசிவரை சொல்லவில்லையா? டி.ஜி.சி.ஏ.விடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். குறிப்பிட்ட மாதத்தில் குறிப்பிட்ட நிறுவனம் மாற்றுத்திறன் வகையில் எத்தனை புகார் தெரிவித்தது, உங்கள் ஏர்சேவா எண் என்ன ஆனது என்று இரண்டு கேள்வி போதும். கட்டணம் 10 ரூபாய், பதில் 30 நாளில். அக்ஷயாவில் பழக்கதோஷத்தில் கேரள அரசின் ஆர்.டி.ஐ. தளத்தைத் திறந்துவிடுவார்கள். நமக்கு வேண்டியது மத்திய அரசின் தளம். அதில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் டி.ஜி.சி.ஏ.வைத் தேர்ந்தெடுத்தாரா என்று பணம் கட்டுவதற்கு முன் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்.