நைட் ஷிஃப்ட் மூளையைப் பகலில் தூங்க வைப்பது எப்படி?

பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டி, ஒயிட்ஃபீல்ட் பக்கம் இரவு 9:30-க்கு உட்கார்ந்து காலை 6:30-க்கு எழும் வேலையில் சேர்ந்து சில மாதம் ஓடியதும் வீட்டில் ஒரு பேச்சு கிளம்பும்: "முன்னெல்லாம் இப்படி இல்லை, இப்போ எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுறான்." குணம் மாறிவிட்டது என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். தூக்கம் குறைந்த மூளையில், பயத்தையும் கோபத்தையும் கிளப்பும் அமிக்டலா சின்னச் சீண்டலுக்கே துள்ளும். அதை வழக்கமாக அடக்கி வைக்கும் நெற்றிப் பக்க மூளையின் பிடி தளர்ந்திருக்கும். கோபத்தை அடக்கப் பழகுவதற்கு முன்னால் தூக்கத்தைச் சரிசெய்யுங்கள்.

அதற்கு மூளைக்குள் ஓடும் கடிகாரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஹைபோதாலமஸில், இரண்டு கண் நரம்புகளும் குறுக்கே சந்திக்கும் இடத்துக்குச் சற்று மேலே, அரிசிமணியை விடச் சிறிய நரம்புக் கொத்து ஒன்று இருக்கிறது. சுமார் 20,000 நரம்பணுக்கள். கண்ணில் விழும் வெளிச்சத்தை வைத்துத்தான் அது நேரத்தைத் திருத்திக்கொள்கிறது. பகலில் விழித்திருப்பவருக்கு விடிகாலை 4, 5 மணி வாக்கில் உடல் வெப்பம் ஆகக் குறைவாக இருக்கும், தூக்கம் ஆளை அமுக்கும். அந்தப் புள்ளிக்கு முன் வெளிச்சம் பட்டால் கடிகாரம் பின்தள்ளிப் போகும். பிறகு பட்டால் முன்னால் வரும். நைட் ஷிஃப்ட்காரருக்குப் பின்தள்ளிப் போவதுதான் வேண்டும், அப்போதுதான் தூக்கம் காலைக்குத் தள்ளிப்போகும்.

ஆகவே இரவு 10 முதல் 3 மணி வரை நல்ல வெளிச்சமான இடத்தில் உட்காருங்கள். தூக்கம் வருகிறதென்று விளக்கை மங்கலாக்குவது தப்பு. ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்ததும் கேப்பில் கருப்புக் கண்ணாடி போடுங்கள். டீக்கடை வாசல் வெயிலில் அரை மணி நின்று பேசினால் இரவெல்லாம் பட்ட பாடு வீண், கடிகாரம் பழைய இடத்துக்கே திரும்பும். ஆனால் சொந்த வண்டி ஓட்டுபவர் கருப்புக் கண்ணாடி போடக் கூடாது. அவருக்கு விழித்திருப்பதுதான் முதல் தேவை.

காபியில் பலர் கோட்டை விடுகிறார்கள். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே போகும், அதுதான் கண்ணைச் சொக்க வைக்கிறது. காபி அதைக் குறைப்பதில்லை, அடினோசின் போய் உட்காரும் இடத்தை அடைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். குடித்ததில் பாதி உடலை விட்டு இறங்கவே ஏறத்தாழ 5 மணி நேரம் பிடிக்கும். 4:30-க்குக் குடித்த ஸ்ட்ராங் காபி காலை 9:30-க்கும் பாதி பாக்கி. படுத்தும் தூக்கம் ஆழமாக வராது. ஒரே மூச்சில் பெரிய டம்ளர் குடிப்பதை விட 10, 12, 2 மணிக்கு அரை அரை டம்ளராகக் குடியுங்கள். 2 மணிக்கு மேல் வேண்டாம். பிரேக் கிடைத்தால் அந்த 2 மணிக் காபியைக் குடித்த கையோடு 20 நிமிடம் கண் மூடுங்கள். எழும்போது காபி வேலை செய்ய ஆரம்பித்திருக்கும். 40, 50 நிமிடம் தூங்கினால் ஆழ்ந்த தூக்கத்தின் நடுவில் எழுப்பியது போலாகி, அரை மணி நேரம் தலை கனக்கும்.

பிரியாணி பார்சலை 2 மணிக்குப் பிரிக்க வேண்டாம். வயிறும் ஈரலும் பகல் கணக்கில்தான் ஓடுகின்றன. வீட்டிலிருந்து கிளம்பும் முன் முழுச் சாப்பாடு, நடுவில் இரண்டு இட்லியோ பழமோ, படுக்கும் முன் பசி அடங்கும் அளவுக்கு ஏதாவது.

படுக்கையறை இருட்டாக இருக்க வேண்டும். கையை நீட்டினால் விரல் தெரியக் கூடாது, அதுதான் அளவு. கிழக்கு ஜன்னல் என்றால் திரைச்சீலை போதாது. கண்ணாடியில் அலுமினியத் தாளை ஒட்டி, அதன்மேல் கனத்த திரை. பக்கத்து மனையில் டிரில்லிங் ஓடாத நாளே இந்த ஊரில் குறைவு, ஆகவே காதடைப்பானும் வேண்டும், ஃபேனும் ஓடட்டும். காலிங் பெல்லை அணைத்துவிடுங்கள். சிலிண்டரையும் பார்சலையும் பக்கத்து வீட்டில் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். ஊரிலிருந்து அம்மா 11 மணிக்குக் கூப்பிடுவார். அவருக்கு அது காலை, உங்களுக்கு அது நடுராத்திரி. "3:30-க்கு மேல கூப்பிடுங்கம்மா" என்று ஒருமுறை சொல்லி, அவசரத்துக்கு அவர் எண் மட்டும் ஒலிக்கும்படி போனை வைத்துவிடுங்கள். எழுந்த முதல் அரை மணியில் பணம், பிள்ளை படிப்பு என்று எந்தப் பேச்சையும் எடுக்க வேண்டாம்.

வேலை நாளில் காலை 8 முதல் 3 வரை தூக்கம் என்று வையுங்கள். 5 மணி நேரம்தான் கிடைத்தது என்றால் மாலையில் ஒன்றரை மணி நேரம் சேருங்கள். லீவு நாளில் இரவு 10-க்கே படுத்தால் திங்கட்கிழமை திரும்பவும் முதலிலிருந்து. கடிகாரம் ஒரு நாளில் ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நகராது. ஷிஃப்ட் முடிந்த சனிக்கிழமை காலை 8 முதல் 1 வரை மட்டும் தூங்கி, அன்றிரவு 3 மணிக்குப் படுத்து 11, 12 வரை தூங்குங்கள். இரண்டு வாழ்க்கைக்கும் நடுவில் நிற்கும் இந்தக் கணக்கு உடலுக்குத் தாங்கும், குடும்பத்தோடு சாயங்காலமும் கிடைக்கும்.

மிகவும் பயப்பட வேண்டியது வெள்ளி இரவு ஷிஃப்ட் முடித்து, பைக்கிலோ காரிலோ நேராக ஊருக்குக் கிளம்புவது. 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கை, கண் வேகம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவர் அளவுக்கு மந்தப்படும். சட்டம் வைத்திருக்கும் வரம்பே 0.03. அதோடு சொக்கு வந்து 3 நொடி மூளை அணைந்து போகும், கண் திறந்தே இருக்கலாம், அவருக்கே தெரியாது. 80 கிலோமீட்டர் வேகத்தில் அந்த 3 நொடியில் வண்டி 66 மீட்டர் போய்விடும். ஓசூர், கிருஷ்ணகிரி வரை எப்படியோ ஓட்டி வந்தாலும் தொப்பூர் கணவாய் இறக்கம் அந்த 66 மீட்டரைப் பொறுக்காது. ஏசி, பாட்டு, சூயிங்கம் எதுவும் இதைத் தடுக்காது. பஸ் ஏறுங்கள், அல்லது தூங்கி எழுந்து மதியம் கிளம்புங்கள். வழியில் கடைசி இரண்டு கிலோமீட்டர் எப்படி வந்தோம் என்று நினைவில்லை என்றால், பெட்ரோல் பங்கில் நிறுத்தி 20 நிமிடம் தூங்கித்தான் ஆக வேண்டும்.

வலிப்பு நோயோ இருமுனை மனநோயோ உள்ளவர்கள் இந்த ஷிஃப்ட்டை ஏற்கும் முன் மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும். தூக்கமின்மை இரண்டையும் தூண்டிவிடும். பலத்த குறட்டை, வாரக்கணக்கில் வாட்டும் மனச்சோர்வு இருந்தாலும் தள்ளிப்போட வேண்டாம். மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸ் ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. போகும்போது இரண்டு வாரக் கணக்கு கையில் இருக்கட்டும்: படுத்த நேரம், எழுந்த நேரம், நடுவில் விழித்த தடவைகள், கடைசிக் காபி எத்தனை மணிக்கு.