ஏரி கண்ணில் பட்டதும் நேராக இறங்கிவிடாதீர்கள்

மூணாறு பக்கத்துச் சூரியநெல்லி ஜங்ஷனில் விடியற்காலையில் ஜீப்புக்குக் காத்து நிற்கும் கூட்டத்தைப் பார்த்தாலே அன்று சாயங்காலம் என்ன நடக்கும் என்று தெரிந்துவிடுகிறது. மதுரையிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் வாரக்கடைசியில் வருகிற பிள்ளைகள். உடம்பில் தெம்பும் இருக்கிறது, மலைமேல் ஆசையும் இருக்கிறது. ஆனால் ஆனையிறங்கல் ஏரியைச் சுற்றியுள்ள மேடுகளில் என் வயதுக்காரர்கள் ஒரு காலத்தில் செய்த அதே தவறுகளை, அதே இடங்களில் செய்கிறார்கள். தண்ணீர் எடுத்துப் போங்கள், செருப்போடு ஏறாதீர்கள், அட்டைக்கு உப்பு வைத்துக்கொள்ளுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்களே சறுக்குகிற விஷயங்களை மட்டும் எழுதுகிறேன்.

கேரளத்தில் ஏறித் தமிழ்நாட்டில் இறங்கும் கணக்கு

கொழுக்குமலை இருப்பது தேனி மாவட்டத்தில். வண்டி போகும் வழியோ கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான். அதனால் பலருக்கும் ஒரு யோசனை வருகிறது: ஜீப்பில் ஏறிச் சூரிய உதயம் பார்த்துவிட்டு, கிழக்கே குரங்கணிக்கு நடந்து இறங்கி, போடியில் பஸ் பிடித்து வீடு போய்ச் சேரலாம் என்று.

2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலைச்சரிவில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்துபோனார்கள். கொழுக்குமலையிலிருந்து இறங்கி வந்தவர்களும் அதில் இருந்தார்கள். கிழக்குச் சரிவின் குணமே வேறு. தென்மேற்குப் பருவமழை மூணாறு பக்கமே கொட்டித் தீர்த்துவிடும். போடி பக்கம் மழைமறைவு. பிப்ரவரி, மார்ச்சில் அங்கே புல் மொத்தமும் காய்ந்து சருகாக நிற்கும். சரிவில் ஏறுகிற தீ, தனக்கு மேலே உள்ள புல்லைத் தொடுவதற்கு முன்பே சூடேற்றி உலர்த்திவிடுகிறது. அதனால் சமதரையைவிட மேட்டில்தான் அது வேகமாகப் பாயும். மேல்நோக்கி ஓடி அதை முந்த யாராலும் முடியாது. அந்த விபத்துக்குப் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகளே வந்தன. அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் அந்தச் சரிவில் கால் வைக்காதீர்கள்.

மீசப்புலிமலைக்கும் இதே பேச்சுத்தான். 2,640 மீட்டர் உயரமுள்ள அந்த மலைக்குக் கேரள வன வளர்ச்சிக் கழகத்தில் பதிவு செய்துவிட்டுப் போக வேண்டும். கொழுக்குமலையில் நின்றால் பக்கத்து வீட்டு மொட்டைமாடி அளவுக்குக் கிட்டத்தில் தெரியும். முகட்டைப் பிடித்து நழுவிவிடலாம் என்று போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஏரி தெரிகிறதே என்று நேரே இறங்குவது

இதைத்தான் விரித்துச் சொல்ல வேண்டும். வருஷக்கணக்காகச் சொல்லியும் எனக்கு ஆறாத எரிச்சல் இது.

மேட்டில் ஏறி, படம் பிடித்து, தின்பதைத் தின்று முடித்துத் திரும்பும் நேரம். வந்த பாதை வளைந்து வளைந்து சுற்றிக் கிடக்கிறது. கீழே பளபளவென்று ஏரி. அக்கரை ரோட்டில் போகிற ஜீப் என்ன நிறம் என்பதுகூடத் தெரிகிறது. இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது சுற்றிப் போவானேன் என்று பாதையை விட்டுப் புல்லில் இறங்கிவிடுகிறார்கள்.

மேலிருந்து பார்க்கிற கண்ணுக்குக் காலடிப் புல் தெரியும், தூரத்துத் தண்ணீர் தெரியும். நடுவில் உள்ளது தெரியாது. இந்தச் சரிவுகள் பெரும்பாலும் நடுவில் புடைத்தவை. தொடக்கத்தில் நடக்க சுகமாக இருக்கும். புடைப்பைத் தாண்டியதும் திடீரென்று செங்குத்தாகப் பாறை. அதன் விளிம்புக்கு வந்த பிறகுதான் அது கண்ணில் படும். அந்த இடத்தில் யாருக்கும் மறுபடி மேலே ஏற மனசு வராது. பக்கவாட்டில் வழி தேடி மலை மடிப்புக்குள் இறங்குவார்கள்.

மடிப்பில் இருப்பது சோலை என்கிற அடர்ந்த மலைக்காடு. தண்ணீர் ஓடுகிற, காற்று அடிக்காத மடிப்புகளில்தான் சோலை வளரும். ஆகவே உள்ளே ஓடை நிச்சயம், பாசி பிடித்த கல் நிச்சயம், நடுப்பகலிலும் அரை இருட்டு. மேலே புல்மேட்டில் ஒரு நிமிஷத்தில் கடக்கிற தூரத்துக்கு இங்கே அரை மணி நேரம் பிடிக்கும். பகல் வெயிலுக்கு ஆனைகள் ஒதுங்குவதும் இதே நிழலில்தான்.

அதையும் தாண்டினால் தேயிலை. அப்பாடா என்று மூச்சு விடுவார்கள். மேலிருந்து பச்சைப் பாயாகத் தெரிந்த தேயிலைக்காட்டுக்குள் நேர்கீழாக இறங்கிப் பாருங்கள். ஒவ்வொரு செடியும் பல பத்தாண்டுகளாகக் கவாத்து வெட்டி வெட்டி முறுக்கேறிய மரம். கிளைகள் இடுப்பளவில் ஒன்றோடொன்று கோத்து நிற்கும், பேண்ட்டைக் கிழிக்கும். கொழுந்து எடுக்கிறவர்கள் நடக்கிற சந்து பெரும்பாலும் சரிவுக்குக் குறுக்கே போகிறது, கீழ்நோக்கிப் போகாது. மண் அரிக்காமல் இருக்க இடையிடையே கான், அதாவது சின்ன வாய்க்கால், தோண்டியிருப்பார்கள். இருபுறத்துச் செடியும் மேலே மூடிக்கொள்வதால் அந்தக் கான் இருப்பதே தெரியாது. கால் உள்ளே போன பிறகுதான் தெரியும். கணுக்கால் திரும்புவது எப்போதும் இங்கேதான், வீட்டுக்கு வந்தாயிற்று என்று நினைக்கிற இடத்தில்.

கடைசியாக ஏரி. ஆனையிறங்கல் இயற்கை ஏரி அல்ல, மின்சாரத்துக்காக மண்ணணை கட்டித் தேக்கிய தண்ணீர். தேக்கிய தண்ணீர் பள்ளத்தாக்கின் ஒவ்வொரு ஓடை வாய்க்குள்ளும் புகுந்து விரல் விரலாக நீண்டு கிடக்கும். எதிரே கல்லெறி தூரத்தில் ரோடு இருக்கும். ஒரு விரலைச் சுற்றி வந்தால் இன்னொரு விரல் காத்திருக்கும். கோடையில் தண்ணீர் இறங்கியிருந்தால் கரை அகலமாகத் தெரியும், குறுக்கே நடக்கலாம் போலிருக்கும். மேலே ஓடு ஓடாக வெடித்த காய்ந்த மண். நாலு எட்டு வைத்ததும் ஓடு உடையும். அடியில் கருஞ்சேறு முழங்கால் வரை இழுக்கும், காலைத் தூக்கினால் ஷூ உள்ளேயே தங்கிவிடும்.

போன டிசம்பரில் நாலு பையன்கள் இப்படித்தான் இறங்கினார்கள். நான் பாதையில் வேறு ஆட்களோடு வந்துகொண்டிருந்தேன். கத்திச் சொன்னேன், "தம்பிகளா, அங்கிட்டு வழி கெடையாது, மேல ஏறி வாங்க." ஒருவன் கையைக் காட்டினான். "இந்தா தெரியுதுல்லண்ணே ஏரி, அரை மணி நேரத்துல போயிருவோம்."

இருட்டிய பிறகும் அவர்கள் ரோட்டுக்கு வரவில்லை. வண்டி டிரைவர் எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கு வந்து கதவைத் தட்டினார். எஸ்டேட்டில் வேலை செய்கிற நாலைந்து பேர் டார்ச்சோடும் தகர டப்பாவோடும் கிளம்பினார்கள். அன்று காலைதான் அந்தப் பக்கம் குட்டியோடு ஆனைக்கூட்டம் நின்றது. அந்த வீட்டுப் பெண்கள் ராத்திரி முழுக்க வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்கள். பையன்களைத் தேயிலைக்குள் கண்டுபிடித்தபோது ஒருவனுக்குக் கணுக்கால் வீங்கிப் பந்தாக இருந்தது. இரண்டு பேர் மாறி மாறி முதுகில் சுமந்து வந்தார்கள். கட்டன் சாயா போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டு, அவ்வளவு பேரும் காலையில் வழக்கம்போல வேலைக்குப் போனார்கள். அந்தப் பையன்களுக்கு அது ஊரில் சொல்லிக்கொள்ள ஒரு சாகசக் கதை. டார்ச் பிடித்து நடந்த மனுஷனுக்கு ஆனை குறுக்கே வந்திருந்தால் அவர் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது? என் கோபம் அங்கேதான் இருக்கிறது.

வந்த பாதையிலேயே திரும்புங்கள். ஏற்கெனவே விட்டுவிட்டீர்கள், கீழே ஐம்பது அடிக்கு அப்பால் தரை தெரியவில்லை என்றால் அந்த இடத்திலேயே நின்று, பாதையை விட்ட இடத்துக்கு ஏறிவிடுங்கள். மூச்சு வாங்கும், கால் வலிக்கும், பரவாயில்லை. குறுக்கு வழி உண்டா என்று எஸ்டேட் ஆட்களிடம் கேட்டால் உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். கேட்காமல் இறங்குவதுதான் கேடு.

அரிக்கொம்பன் போய்விட்டான் என்ற தைரியம்

சின்னக்கானலில் ரேஷன் கடைகளை உடைத்து அரிசி தின்ற அரிக்கொம்பன் என்ற ஆனையை 2023 ஏப்ரலில் மயக்க ஊசி போட்டுப் பெரியாறு காட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து கம்பம் ஊருக்குள்ளேயே வந்து, ஜூனில் மறுபடி பிடிபட்டு, களக்காடு முண்டந்துறைக்குப் போய்ச் சேர்ந்தது. அதோடு இங்கே ஆனை பயம் தீர்ந்தது என்று நினைத்து வருகிறார்கள். போனது ஓர் ஆனை. ஏரிக்குத் தண்ணீர் குடிக்க இறங்கும் கூட்டங்கள் எங்கேயும் போகவில்லை.

காலையில் டீக்கடையில் நின்று, ராத்திரி ஆனை எங்கே நின்றது என்று கேளுங்கள். அந்தப் பக்கத்தை அன்று விட்டுவிடுங்கள். பாதையில் ஆனை லத்தி (சாணம்) கிடந்தால் பாருங்கள்: மேலே ஈரம் மினுங்கி, ஆவி பறந்தால் ஆனை அடுத்த வளைவிலேயே நிற்கலாம். பேச்சை நிறுத்தி வந்த வழியே திரும்புங்கள். கிராண்டிஸ் என்கிற யூகலிப்டஸ் தோப்புகளில் மரம் வரிசையாக நிற்பதால் தூரம் தெரிகிற மாதிரி இருக்கும். அசையாமல் நிற்கிற ஆனை அந்த நிழலில் கண்ணுக்கே தெரியாது. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் ஏரிக்கரை அவற்றுக்கு உரியது.

மதியம் ஏறுவது

காலை எட்டுக்குள் நடக்கத் தொடங்கவில்லை என்றால் அன்று மேடு வேண்டாம்.

மூடுபனியில் நடப்பது

நில்லுங்கள். பெரும்பாலும் விலகும்.

ஜீன்ஸ்

ஊரில் வெயில் கொளுத்துகிறதே என்று ஜீன்ஸும் பருத்திச் சட்டையுமாக வருகிறார்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறேழு டிகிரி குறையும். போடியிலிருந்து கொழுக்குமலை அதைவிட அதிக ஏற்றம். நனைந்த ஜீன்ஸ் நாளெல்லாம் காயாது, முகட்டுக் காற்றில் உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கூட வந்தவருக்குப் பேச்சுக் குழறினால், நடுக்கம் நின்று மந்தமாகிவிட்டால், களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். ஈரத்துணியைக் கழற்றி உலர்ந்ததை மாட்டி, தலையை மூடி, காற்றுப் படாத பக்கம் உட்கார வையுங்கள். சுயநினைவோடு இருந்தால் இனிப்பாகச் சூடாக ஏதாவது கொடுங்கள். சாராயம் கொடுத்தால் சூடு ஏறும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தோலுக்கு ரத்தம் பாய்ந்து உள்சூடு இன்னும் இறங்கிவிடும். பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு கம்பளிச் சட்டையும் ஒரு மாற்றுப் பேண்ட்டும் பையின் அடியில் எப்போதும் கிடக்கட்டும்.