டென்ஷனர் இல்லாத ஏசி பெல்ட்: பிக்கப் வண்டியில் ஸ்ட்ரெச் பெல்ட் மாற்றுவது எப்படி?

சில பிக்கப் வண்டிகளில் பானெட்டைத் திறந்து பார்த்தால், இன்ஜினின் சுழல் தண்டில் உள்ள கிராங்க் புல்லிக்கும் ஏசி கம்ப்ரசருக்கும் நடுவே ஒரு சின்ன பெல்ட் தனியாக ஓடும். அதை இறுக்க டென்ஷனர் இருக்காது, கம்ப்ரசரை நகர்த்தி இறுக்கும் போல்ட்டும் இருக்காது. அதுதான் ஸ்ட்ரெச் பெல்ட்.

உள்பக்கம் நீளவாக்கில் வரிவரியாக மேடுகள் உள்ள சாதாரண வரி பெல்ட்டுக்குள் இருப்பது பாலியெஸ்டர் அல்லது அராமிட் நூல். அது அவ்வளவாக நீளாது. ஸ்ட்ரெச் பெல்ட்டில் பாலிஅமைடு, அதாவது நைலான் வகை நூல். புல்லிகளைச் சுற்றிவரத் தேவையானதைவிடச் சற்றுக் குட்டையாகவே இதைச் செய்கிறார்கள். இழுத்து மாட்டியதும் அது சுருங்கப் பார்க்கிறதே, அந்த விசைதான் பிடிப்பு. கீழே வரும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு காரணத்தால்தான்.

பெல்ட் வாங்கும்போது

பெல்ட்டின் முதுகில் எண் இருக்கும். 4பிகே 950 என்றால் 4 வரி, 950 மி.மீ நீளம். வரிக்கு வரி இடைவெளி 3.56 மி.மீ. நீளம் ஒன்றாக இருக்கிறதே என்று சாதாரண பெல்ட்டை வாங்காதீர்கள். அதை இழுத்து ஏற்ற முடியாது. ஏறும் அளவுக்கு நீளமானதைப் போட்டாலோ, ஏசி போட்டவுடன் வழுக்கிக் கத்தும். இன்ஜின் மாடலுக்கு உரிய ஸ்ட்ரெச் பெல்ட்டையே கேட்டு வாங்குங்கள். கூடவே மாட்டும் கருவியும் வேண்டும். பல பெல்ட்டுகளின் பெட்டியிலேயே அது வரும்.

பழையதைக் கழற்றுதல்

இன்ஜின் நன்றாக ஆறட்டும். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றுங்கள். கைப்பிரேக் போட்டு, வண்டியை நியூட்ரலில் வையுங்கள். சக்கரத்துக்குக் கட்டையும் கொடுங்கள். பல இன்ஜின்களில் ஏசி பெல்ட், ஆல்டர்னேட்டர் போன்றவற்றை ஓட்டும் பெரிய பெல்ட்டுக்குப் பின்னால், இன்ஜினை ஒட்டி ஓடும். அப்படியானால் பெரிய பெல்ட்டின் டென்ஷனரை நீளக் கம்பியால் தளர்த்தி, அதை முதலில் இறக்க வேண்டும். இறக்குவதற்கு முன் அது போகும் வழியை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ரெச் பெல்ட்டைக் கழற்றப் பாடுபட வேண்டாம், கத்தியால் அறுத்துவிடுங்கள். ஒருமுறை இழுபட்டு ஓடிய பெல்ட்டை மறுபடி மாட்டக் கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, இரண்டு புல்லிக்கும் நடுவில் நீளமான பகுதியில் அறுங்கள். அறுந்ததும் அது துள்ளும். கத்தியின் முனை ரேடியேட்டர் ஹோஸ் பக்கமோ வயர் பக்கமோ இருக்கக் கூடாது.

இப்போது கம்ப்ரசர் புல்லியைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரப்போ ஆட்டமோ இருந்தால் பேரிங் போய்விட்டது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் புதுப் பெல்ட் போடுவது வீண்.

புதியதை மாட்டுதல்

1. புல்லிப் பள்ளங்களில் உள்ள ஆயில், கூலண்ட், பழைய ரப்பர் துகள் எல்லாவற்றையும் துடைத்தெடுங்கள்.

2. பெல்ட்டைக் கம்ப்ரசர் புல்லியில் முழுதாக உட்கார வையுங்கள்.

3. கருவியைக் கிராங்க் புல்லியின் விளிம்பில் மாட்டி, பெல்ட்டின் மறுமுனையை அதன் மேல் ஏற்றுங்கள். கருவி இல்லாமல், புல்லியில் ஓட்டை இருந்தால் அதன் வழியே பெல்ட்டைக் கேபிள் டையால் கட்டியும் வேலையை முடிக்கலாம்.

4. கிராங்க் போல்ட்டில் சாக்கெட் போட்டு, இன்ஜின் சுற்றும் திசையிலேயே மெதுவாகச் சுற்றுங்கள். முன்னால் நின்று பார்த்தால் பெரும்பாலான இன்ஜின்களில் அது கடிகாரத் திசை. பெல்ட் கொஞ்சங்கொஞ்சமாக விளிம்பைத் தாண்டி ஏறி, 'டப்' என்று பள்ளத்தில் விழும். ஸ்டார்ட்டரை அடித்து ஏற்றப் பார்க்காதீர்கள், விரல் போய்விடும்.

5. கருவியை எடுத்துவிட்டு, கையாலேயே இன்னும் இரண்டு சுற்று விடுங்கள்.

ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஏற்றும் பழக்கம்தான் இந்தப் பெல்ட்டுக்கு எமன். ஓர நூலில் ஒரு சின்ன வெட்டு விழுந்தால் போதும். அன்றைக்கு எதுவும் தெரியாது. பிறகு ஓரத்திலிருந்து நூல் பிரிந்து, புல்லியைச் சுற்றிக்கொண்டு, சில சமயம் கிராங்க்கின் முன் ஆயில் சீல் வரை போய்விடும்.

அடுத்து டார்ச் அடித்து, இரண்டு புல்லியிலும் ஓரத்திலிருந்து பள்ளங்களை எண்ணுங்கள். ஒரு வரி தள்ளி உட்கார்ந்திருந்தால் மேலோட்டமாகப் பார்க்கத் தெரியாது, ஆனால் ஓட்டத் தொடங்கியதும் ஓரம் கிழியும். புதிதாக வேலை கற்பவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். சரியாக இருந்தால் பெரிய பெல்ட்டையும் பேட்டரியையும் மாட்டி, சில நிமிடம் ஏசியோடு ஓடவிட்டு, அணைத்து, மறுபடி பாருங்கள்.

பராமரிப்பு

இப்போதைய பெல்ட்டுகள் ஈபிடிஎம் ரப்பரால் ஆனவை. பழைய பெல்ட் போல எளிதில் வெடிப்பு விடாது. டயர் போலத் தேயும். எனவே வெடிப்பு இல்லை என்று விட்டுவிடாமல், வரிகள் மெலிந்து பள்ளம் அகன்றிருக்கிறதா, ஓரத்தில் நூல் தெரிகிறதா என்று பாருங்கள்.

சத்தம் வந்தால், ஓடும் இன்ஜினிலிருந்து கையைத் தள்ளியே வைத்துக்கொண்டு, வரிப் பக்கம் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் நின்று மீண்டும் வந்தால் புல்லிகள் நேர்கோட்டில் இல்லை. சத்தம் கூடினால் பெல்ட் வழுக்குகிறது. இதில் இறுக்குவதற்கு எதுவும் இல்லாததால், வழுக்கும் பெல்ட்டை மாற்றத்தான் வேண்டும். பெல்ட் ஸ்ப்ரே அடித்தால் சத்தம் கொஞ்ச நேரம் அடங்கும், பிறகு அந்தப் பிசினில் தூசி ஒட்டித் தேய்மானம் கூடும். ஆயில் கசிவு பட்ட பெல்ட்டைத் துடைத்துப் பயனில்லை. கசிவை அடைத்த பிறகு புதியது போடுங்கள்.