அட்ஜஸ்டபிள் சேஃப்டி ரேசர்: ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளேடின் இடைவெளியைத் திருகிக் கூட்டவும் குறைக்கவும் வசதியுள்ள சேஃப்டி ரேசர்களை ஒப்பிடுகிறவர்கள் முதலில் பார்ப்பது அவற்றில் பொறித்திருக்கும் எண்களைத்தான். பெரும்பாலான தவறுகளும் அங்கிருந்தே தொடங்குகின்றன. ஜில்லெட் நிறுவனம் 1958 முதல் 1961 வரை தயாரித்த, 'ஃபேட்பாய்' என்று சேகரிப்பாளர்கள் அழைக்கும் ரேசரில் 1 முதல் 9 வரை எண்கள் உண்டு. மெர்க்கூர் புரோகிரஸ், பார்க்கர் வேரியன்ட் ஆகியவற்றில் 5 வரையும், மெர்க்கூர் ஃபியூச்சரில் 6 வரையும் இருக்கின்றன. இந்த எண்கள் எந்தப் பொது அளவுகோலையும் சார்ந்தவை அல்ல. ஒன்றின் 3 மற்றொன்றின் 3 ஆகாது. ஒரே நிறுவனத்தின் தயாரிப்புகளிலேயே ஃபியூச்சரின் 1 புரோகிரஸின் 1-ஐவிடக் கடுமையாக இருப்பதாகத்தான் பயன்படுத்துகிறவர்கள் பொதுவாகச் சொல்கிறார்கள். எண்கள் கூடுதலாக இருப்பதால் இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் வீச்சும் கூடுதலாக இருக்கும் என்பதும் இல்லை. அதே தூரத்தைச் சிறு சிறு படிகளாகப் பிரித்திருக்கலாம். ஆகவே எண்ணை எண்ணோடு பொருத்தாமல், ஒவ்வொரு ரேசரிலும் நம் தோலுக்கு ஒத்துவரும் நிலையை முதலில் கண்டுபிடித்து, அந்த நிலைகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பதே சரியான ஒப்பீடு.

எண்ணை நம்பாதவர்கள் சிலர் மில்லிமீட்டர் கணக்கைப் பிடித்துக்கொள்வார்கள். பிளேடின் விளிம்புக்கும் அதன் கீழுள்ள காப்புப் பட்டைக்கும் நடுவிலுள்ள தூரமே இடைவெளி எனப்படுகிறது. அது மட்டும் ஒரு ரேசரின் குணத்தைச் சொல்லிவிடாது. மேல்மூடியின் ஓரத்தையும் காப்புப் பட்டையையும் தொட்டுச் செல்லும் ஒரு கோட்டைக் கற்பனை செய்துகொண்டால், பிளேடின் விளிம்பு அந்தக் கோட்டைத் தாண்டி வெளியே நிற்கிறதா, கோட்டின் மேலேயே இருக்கிறதா, உள்ளடங்கி இருக்கிறதா என்பது தோலில் உணரப்படும் கடுமையைப் பெரிதும் தீர்மானிக்கிறது. இடைவெளி அதிகமாக இருந்தும் விளிம்பு உள்ளடங்கிய ரேசர் சாதுவாக நடந்துகொள்ளும். இடைவெளி குறைவாக இருந்தும் விளிம்பு வெளியே நீட்டிய ரேசர் கவனம் சிதறிய நொடியில் கீறிவிடும். பிளேடை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது என்பதும் இதோடு சேர்கிறது.

உயர்ந்த எண்ணில் வைத்தால்தான் ஒட்ட மழியும் என்ற நம்பிக்கை எல்லாத் தவறுகளிலும் அதிகக் காயம் உண்டாக்குவது. முடி நன்றாக ஊறியிருப்பது, பிளேடு கூராக இருப்பது, தோலோடு ஏறக்குறைய 30 பாகைக் கோணத்தில் அது செல்வது, ஒரே இழுப்பில் முடித்துவிட நினைக்காமல் நுரையைப் புதிதாகப் பூசி இரண்டு மூன்று சுற்றுகளாக முடியைக் குறைப்பது ஆகியவையே ஒட்ட மழிப்பதற்கு அடிப்படை. பல நாள் வளர்ந்த அடர்த்தியான தாடியில் முடியும் நுரையும் அடைத்துக்கொள்ளாமல் வெட்டத்தான் பெரிய இடைவெளி உதவுகிறது. முதல் சுற்றை முடி வளரும் திசையில் சற்று உயர்ந்த நிலையிலும், குறுக்காகவும் எதிராகவும் இழுக்கும் பிந்திய சுற்றுகளைக் குறைந்த நிலையிலும் செய்யலாம். என் கருத்தில், திருகுக்கு விலை கொடுப்பதற்கு நியாயமான காரணம் இது ஒன்றுதான். ஒரே எண்ணில் வைத்து ஒரு வாரம் மழித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறவர் அந்த வசதியைச் சோதிக்கவே இல்லை. ராக்வெல் 6எஸ் போல அடித்தட்டைப் புரட்டியோ மாற்றியோ அளவு மாற்றும் ரேசர்களைத் திருகும் வகையோடு ஒப்பிடும்போதும், மழிக்கும் நடுவில் மாற்றுவது எளிதா என்ற கேள்வியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ரேசரோடு சேர்த்துப் பிளேடையும் மாற்றிவிட்டால் ஒப்பீடு குலைந்துபோகும். இரட்டை விளிம்புப் பிளேடுகள் எல்லாமே சுமார் 0.1 மில்லிமீட்டர் தடிமன் கொண்டவை என்றாலும், விளிம்பைத் தீட்டிய விதமும் மேற்பூச்சும் வேறுபடுவதால், ஜப்பானியத் தயாரிப்பான ஃபெதரும் துருக்கியின் டெர்பியும் ஒரே ரேசரை இரண்டு ரேசர்களாக உணரச் செய்யும். ஒரே வகைப் பிளேடு, ஒரே சோப்பு, ஒரே நாள் கணக்கில் வளர்ந்த தாடி ஆகியவற்றை மாற்றாமல் வைத்துக்கொண்டு, இரண்டு ரேசர்களிலும் புதுப் பிளேடைப் போட்டு, முகத்தின் ஒரு பாதிக்கு ஒன்று என மழித்துப் பார்ப்பது நல்ல வழி. கைப்பழக்கமும் முடியின் சுழிப்பும் இரு பக்கமும் ஒன்றாக இருக்காது என்பதால், அடுத்த முறை பக்கத்தை மாற்றிப் பார்க்க வேண்டும்.

மழித்து முடித்த உடனே கன்னத்தைத் தடவிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது அவசரம். எரிச்சலும் சிவப்பும் சில மணி நேரம் கழித்தும் தலைகாட்டலாம். தோலுக்குள் வளைந்து வளரும் முடியால் வரும் கொப்புளங்கள் தெரியச் சில நாட்களாகும். சுருள் முடி உள்ளவர்களுக்கு அளவுக்கு மீறி ஒட்ட மழிப்பதே தொல்லையாக முடியும். கன்னத்தைவிடக் கழுத்தைத்தான் நான் நம்புவேன்: கடுமையான ரேசர் முதலில் அங்கேதான் தன்னைக் காட்டிக்கொள்ளும்.

பிளேடைச் சரியாகப் பொருத்தாமல் ரேசரின் மேல் பழி போடுவதும் உண்டு. புரோகிரஸின் மேல்மூடியிலும் அடிப்பகுதியிலும் உள்ள குறிகள் நேராக வர வேண்டும். மூடியைத் திருப்பி மாட்டினால் பிளேடு ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் நீட்டும். எந்த ரேசராயினும் எதிரே நேராகப் பிடித்து, இரு பக்கமும் விளிம்பு ஒரே அளவில் தெரிகிறதா என்று பார்த்த பிறகே தொடங்க வேண்டும். பல பிளேடுகளை ஒரே தலையில் அடக்கிய கார்ட்ரிட்ஜ் ரேசரில் பழகிய கை அழுத்தும். சுமார் 120 கிராம் எடையுள்ள ஃபியூச்சர் போன்ற ரேசரில் அதன் எடையே போதும்; அந்த அழுத்தம் தேவையே இல்லை.

பழைய ஜில்லெட்டைப் புதிய ரேசரோடு ஒப்பிட நினைப்பவர்கள் அதன் நிலைமையை முதலில் பார்க்க வேண்டும். அடியில் பொறித்துள்ள எழுத்து ஆண்டையும் அதையடுத்த எண் காலாண்டையும் காட்டும்; ஆனால் வயது மட்டும் தரத்தைச் சொல்லாது. உள்ளே பல ஆண்டுச் சோப்புப் படிவு இறுகியிருந்தால் எண் வளையம் முரண்டு பிடிக்கும். அத்தகைய ரேசரை வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, வளையத்தை 1 முதல் 9 வரை திருப்பும்போது இடைவெளி படிப்படியாக விரிகிறதா என்பதைக் கண்ணால் பார்த்த பின்பே அதில் பிளேடு போட வேண்டும்.