அலையைப் படமெடுக்கக் கேமரா வாங்குகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

சென்னைக்குப் பக்கத்தில் இருக்கிற கோவளத்தில் விடுமுறை நாள் காலையில் போய் நின்றால், சர்ஃபிங் செய்கிறவர்களுக்குச் சமமாக அதைப் படமெடுக்க வந்தவர்களும் இருப்பார்கள். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் புதிதாகக் கேமரா வாங்கி வருகிற பிள்ளைகள், எங்கள் செட்டு ஆரம்பத்தில் செய்த அதே தவறுகளைத் திரும்பச் செய்வதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. சார்ஜ் போடாமல் வருவது, லென்ஸைத் துடைக்காமல் எடுப்பது எல்லாம் ஒருமுறை பட்டால் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். காசைத் தின்னும் தவறுகள் வேறு.

## கரையில் நின்று எடுக்க ஆக்‌ஷன் கேமரா வாங்குவது

இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு ஆத்திரம் அடங்காது.

வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆன ஒரு தம்பி, சேர்த்து வைத்த காசையெல்லாம் போட்டு, உடம்பிலோ பலகையிலோ மாட்டிக்கொள்ளும் சின்னப் புது ஆக்‌ஷன் கேமராவோடு வந்தார். காலை முழுக்க மணலில் நின்று எடுத்தார். அப்புறம் டீக்கடையில் லேப்டாப்பைத் திறந்து காட்டினார். திரை முழுக்கக் கடல், மேலே வானம், நடுவில் எங்கோ ஒரு கறுப்புப் புள்ளி. அந்தப் புள்ளிதான் அவருடைய நண்பன். "அண்ணா, 4கேதான் வச்சேன், ஏன் இப்படி வருது?" என்று கேட்டார். கடையில் "ஆக்‌ஷன் ஸ்போர்ட்ஸ் எடுக்கணுமா? இதுதான் சார்" என்று எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். எங்கே நின்று எடுப்பீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேமராவின் மேல் குற்றமே இல்லை. இந்த வகையில் பேர்பெற்ற கோப்ரோ எப்படி வந்தது என்று பார்த்தாலே புரியும். அதை உருவாக்கிய நிக் உட்மேன் ஒரு சர்ஃபர். 2002-இல் ஆஸ்திரேலியா, இந்தோனேசியா பக்கம் அலையேறப் போனபோது வந்த யோசனை அது. 2004-இல் வெளியான முதல் மாடல், மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் ஃபிலிம் கேமரா. அலைக்குள் இருக்கிறவர் கைக்கெட்டும் தூரத்தில் எடுப்பதற்காகப் பிறந்த கருவி. பலகையின் நுனியில் ஒட்டுங்கள், தண்ணீருக்குள் நீந்திப் போய் எடுங்கள், அதை அடிக்க ஆளில்லை. கரையில் நின்றால் அதன் அகலக் கோணமே உங்களுக்கு எதிரி.

கணக்கைப் பாருங்கள். அந்த அகலக் கோணம் தோராயமாக 16 மி.மீ. லென்ஸுக்குச் சமம் (இந்த எண் கூடக் கூடக் கோணம் குறுகும், தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்). அலை உடையும் இடம் உங்களிடமிருந்து 100 மீட்டர் என்றால், ஏறக்குறைய 225 மீட்டர் அகலத்துக்குக் கடல் ஃபிரேமில் விழும். 4கே படத்தின் அகலம் 3840 பிக்சல். நிமிர்ந்து நிற்கிற ஆள்கூட அதில் 30 பிக்சல் உயரம்தான் வருவார். அதே இடத்தில் 400 மி.மீ.க்குச் சமமான லென்ஸ் இருந்தால் ஃபிரேமின் அகலம் வெறும் 9 மீட்டர். அதே ஆள் 700 பிக்சலுக்கு மேல் வருவார். பலகையின் விளிம்பு தெறிக்கவிடும் தண்ணீர்கூடத் தெரியும்.

அந்தத் தம்பி அதோடு நிறுத்தவில்லை. டிஜிட்டல் ஜூம் போட்டுப் பார்த்தார். இருக்கிற 30 பிக்சலைத்தானே அது பெரிதாக்கும்? பிறகு முன்னால் மாட்டுகிற ஒரு ஜூம் லென்ஸ் வாங்கினார். ஓரமெல்லாம் மங்கியது. கடைசியில் கேமராவைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டார். போன காசைவிட, "எனக்கு இதெல்லாம் வராது" என்று அவர் ஒதுங்கிப்போனதுதான் எனக்கு வலித்தது. நல்ல கண் இருந்த பையன்.

கடைக்குப் போகுமுன் ஒரே கேள்விக்குப் பதில் வைத்திருங்கள்: எங்கே நிற்கப்போகிறேன்? கரையில் என்றால் நீண்ட ஜூம் உள்ள பிரிட்ஜ் கேமரா (லென்ஸ் கழற்ற முடியாதபடி கூடவே வருகிற வகை) பாருங்கள். பானசோனிக் எஃப்இசட்1000-இன் லென்ஸ் 25 முதல் 400 மி.மீ. வரை போகும். 2014-இல் வந்த மாடல், செகண்ட் ஹேண்டில் தேடலாம். இன்னும் கொஞ்சம் செலவழிக்க முடிந்தால் சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4. 24 முதல் 600 மி.மீ. வரை. சந்தேகமாக இருந்தால் ஒருநாள் வாடகைக்கு எடுத்து, நீங்கள் நிற்கப்போகிற அதே மணலில் நின்று பாருங்கள்.

## 4கே என்ற எழுத்தை மட்டும் பார்ப்பது

பெட்டியில் 4கே என்று பெரிதாக இருக்கும். அது நொடிக்கு 30 ஃபிரேமா (அதாவது 30 தனிப் படங்களா), 60-ஆ, 120-ஆ என்பது விவரப் பட்டியலில் எங்கோ கீழே கிடக்கும். அதைத் தேடிப் படியுங்கள். 120-இல் எடுத்ததை 30-இல் ஓட்டினால் நான்கு மடங்கு மெதுவாக, வழுக்கிக்கொண்டு போகும். 30-இல் எடுத்ததை எடிட்டிங்கில் இழுத்தால் வெட்டி வெட்டித்தான் நகரும். அலையில் திரும்புகிற அந்த ஒரு நொடிக்காகத்தானே எடுக்கிறோம்? 30 ஃபிரேம் 4கேயைவிட, 120 ஃபிரேம் ஃபுல் எச்டி எனக்குப் பெரிது.

## வியூஃபைண்டர் இல்லாத கேமரா

நம் கரை கிழக்கே பார்த்தது. காற்று கிளம்புமுன் காலையில்தான் அலை சுத்தமாக இருக்கும்; அந்த நேரத்தில் சூரியன் நேர் எதிரே, தண்ணீரெல்லாம் தகதகக்கும். பின்பக்கத் திரையில் உங்கள் முகம்தான் தெரியும். கண்ணை வைத்துப் பார்க்கிற வியூஃபைண்டர் இல்லாவிட்டால் குத்துமதிப்பாகத்தான் எடுக்க வேண்டும். லென்ஸுக்கு நிழல் தரும் ஹூடும் சேர்த்து வாங்குங்கள்.

## ஆட்டோஃபோகஸைக் கடைக்குள் சோதிப்பது

ஷெல்ஃபில் இருக்கிற பொம்மையை எந்தக் கேமராவும் பிடிக்கும். வாசலுக்கு வந்து, எதிரே வருகிற பைக்கை முழு ஜூமில் தொடர்ந்து பாருங்கள். அதிலேயே தடுமாறினால், கடலில் நுரை குறுக்கே எழும்போது ஆளை விட்டுவிட்டு நுரையைப் பிடித்துக்கொள்ளும்.

## மெமரி கார்டில் மிச்சம் பிடிப்பது

வி30 முத்திரையுள்ள (நொடிக்குக் குறைந்தது 30 எம்பி எழுதும்) அசல் கார்டு. அதற்குக் கீழே போகாதீர்கள்.

## மணலில் நின்று லென்ஸ் மாற்றுவது

லென்ஸ் கழற்றி மாற்றுகிற கேமரா வைத்திருந்தால், கூடவே கூடாது.

## மொத்தக் காசையும் கேமராவிலேயே போடுவது

400 மி.மீ.யில் ஃபிரேம் 9 மீட்டர்தான் என்று சொன்னேன் அல்லவா? மூச்சு விட்டாலே ஆள் ஓரத்துக்குப் போய்விடுவார். ஃபுளூயிட் ஹெட் (வீடியோவுக்காகச் சீராகத் திரும்பும் தலைப்பகுதி) உள்ள நல்ல ட்ரைபாடுக்கு முதலிலேயே ஒரு பங்கை ஒதுக்கிவிட்டு, மீதியில் கேமரா தேடுங்கள். போட்டோ எடுப்பதற்கான, உருண்டை மூட்டுள்ள பால் ஹெட் வேண்டாம், அலையோடு சேர்த்துத் திருப்பும்போது குலுங்கும். ட்ரைபாடில் வைத்துத் திருப்பும்போது படம் தயங்கித் தயங்கி இழுபட்டால், கை ஆட்டத்தைச் சரிக்கட்டும் கேமராவின் ஸ்டெபிலைசேஷனை அணைத்துப் பாருங்கள்.