மூலக்கூறு உயிரியல் ஆய்வு மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மரபியலிலும் மூலக்கூறு உயிரியலிலும் முனைவர் பட்டம் செய்ய வருகிறவர்கள், கைக்கு வந்த மாதிரியை அப்படியே நம்பிவிடுகிறார்கள். முதல் ஆண்டுத் தவறுகளில் பாதி இதிலிருந்து கிளைப்பவைதான்.

பக்கத்து ஆய்வுக்கூடத்தில் வாங்கிய குப்பியின் மேல் எழுதியிருக்கும் செல்தான் உள்ளேயும் இருக்கும் என்று எப்படிச் சொல்ல முடியும்? 1951-இல் ஹென்ரியெட்டா லேக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றுநோயிலிருந்து எடுத்த ஹீலா செல்கள் மிக வேகமாகப் பெருகுபவை. ஒரு துளி தவறி விழுந்தாலும் போதும், மற்ற செல்களை ஓரங்கட்டிவிடும். வெவ்வேறு திசுக்களைச் சேர்ந்தவை என்று நம்பப்பட்ட பல செல் வரிசைகள் உண்மையில் ஹீலாதான் என்று 1966-இலேயே ஸ்டான்லி கார்ட்லர் காட்டினார். அந்தக் குழப்பம் இன்னும் ஓயவில்லை. ஆகவே செல் வந்த வாரமே, அது யாருடைய செல் என்பதை டிஎன்ஏவை வைத்து அடையாளம் காணும் எஸ்டிஆர் சோதனைக்கு அனுப்பிவிடுங்கள். மைக்கோபிளாஸ்மா சோதனையும் கட்டாயம். அந்தக் கிருமிக்குச் செல்சுவர் கிடையாது. பென்சிலின் அதை ஒன்றும் செய்யாது. வளர்ப்பு ஊடகமும் பொதுவாகக் கலங்காது என்பதால் மாதக்கணக்கில் தெரியாமலே முடிவுகளைக் கெடுத்துக்கொண்டிருக்கும்.

அடுத்தது கன்ட்ரோல், அதாவது முடிவை ஒப்பிட்டுச் சரிபார்க்க உடன் வைக்கும் சோதனை. டிஎன்ஏவைப் பல படிகளாகப் பெருக்கும் பிசிஆர் வைக்கும்போது வார்ப்பு டிஎன்ஏ சேர்க்காத குழாய் ஒன்றை வைக்கச் சோம்பல்படுவார்கள். அந்தக் குழாயில் இருந்ததை ஜெல்லில் ஓட்டும்போதும் எதிர்பார்த்த பட்டை தெரிந்தால் ஏதோ ஒரு கரைசலில் வேண்டாத டிஎன்ஏ கலந்திருக்கிறது என்று பொருள். ஆர்என்ஏவை அளப்பவர்கள், அதை டிஎன்ஏவாகப் படியெடுக்கும் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதி இல்லாத குழாயையும் சேர்க்க வேண்டும். இல்லையேல் மிச்சமிருக்கும் ஜீனோம் டிஎன்ஏவை அளந்துவிட்டு, மரபணு வெளிப்பாடு கூடியதாக எழுதிக்கொண்டிருப்பார்கள்.

ஒரே ஆர்என்ஏவைச் சோதனைத் தட்டின் மூன்று குழிகளில் இட்டு, சோதனையை மூன்று முறை செய்ததாகக் கணக்குக் காட்டுவதை நெறியாளர்களே சில சமயம் கண்டுகொள்வதில்லை. அந்த மூன்று எண்களும் பிப்பெட் பிடிக்கும் கையின் நிதானத்தைத்தான் சொல்லும். தனித்தனியாக வளர்த்த செல்களும் தனித்தனி எலிகளுமே கணக்கில் சேரும்.

மரபணுப் பட்டியலை எக்செல்லில் நேராகத் திறக்காதீர்கள். செப்ட்2 என்ற மரபணு அங்கே செப்டம்பர் 2 ஆகிவிடும். மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இத்தகைய பெயர்களை மாற்றியதை அறிவித்தது. செப்ட்2 இப்போது செப்டின்2. அப்போது மென்பொருள் அசையவில்லை, மரபணுதான் பெயரை மாற்றிக்கொண்டது! பழைய கோப்புகளில் பழைய பெயர்களே கிடப்பதால், மரபணுப் பெயர்கள் உள்ள நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று குறித்த பிறகே உள்ளே கொண்டுவாருங்கள்.

குறிப்பேட்டில் ஆன்டிபாடியின் லாட் எண்ணையும் (தயாரிப்புத் தொகுதி எண்) எழுதுங்கள். லாட் மாறினால், ஆன்டிபாடியைக் கொண்டு புரதத்தைக் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட்டில் பட்டைகளும் மாறக்கூடும்.