ஏழு சபைகளின் ஊர்களுக்குக் குழுவாகப் போவது எப்படி

வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் கடிதம் பெறும் ஏழு சபைகளின் ஊர்களும் இன்றைய துருக்கியின் மேற்குப் பக்கம் இருக்கின்றன. மூன்றே நாளில் ஏழையும் முடிக்கும் திட்டத்தை ஏற்காதீர்கள். பாதிப் பொழுது பஸ்ஸில் கழியும். இஸ்மிரில் (பழைய சிமிர்னா) நான்கு இரவு, பாமுக்கலேயில் இரண்டு இரவு என்று வையுங்கள். திரும்பும்போது தெனிஸ்லி விமான நிலையத்திலிருந்து இஸ்தான்புல் போய்விட்டால், இஸ்மிருக்கு மறுபடி அலைய வேண்டாம்.

முதலில் விசா. சிங்கப்பூர்க் கடப்பிதழுக்குத் தேவையில்லை. குழுவில் இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்போர் இருந்தால் அங்கேதான் சிக்கல் வரும். அமெரிக்க, பிரிட்டிஷ், அயர்லாந்து அல்லது ஷெங்கன் விசாவோ வசிப்பு அனுமதியோ இருந்தால்தான் மின் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியும். சிங்கப்பூர் நிரந்தரவாசம் அந்தக் கணக்கில் வராது. முன்பணம் கட்டுமுன் எல்லாருடைய கடப்பிதழையும் வாங்கிப் பாருங்கள். பயண முகவருக்கு உரிமம் உண்டா என்பதையும் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகத்தின் பட்டியலில் சரிபாருங்கள்.

பள்ளி விடுமுறையை நம்பியே தேதி குறிப்பவர்களுக்கு ஜூனில் வெயில், டிசம்பரில் மழையும் குளிரும். பிள்ளைகள் வராத குழுவென்றால் ஏப்ரல் கடைசியோ அக்டோபரோ நல்லது.

எபேசுவுக்கு அரை நாள் முழுசாகக் கொடுங்கள். மேல்வாசலில் இறங்கி, கீழ்வாசலில் ஏறும்படி பஸ் ஓட்டுநரிடம் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். மறந்தால் முட்டிவலிக்காரர்கள் அதே சரிவில் திரும்பி ஏற வேண்டியதுதான். பளிங்குத் தெரு காலங்காலமாகத் தேய்ந்து வழவழவென்று கிடக்கிறது. மழை பெய்தால் சொல்லவே வேண்டாம். ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூ போடுங்கள், செருப்பு வேண்டாம். உள்ளே நிழல் குறைவு. கழிவறைக்கு வாசலிலேயே போய்விட்டு வரச் சொல்லுங்கள். அப்போஸ்தலர் 19ஆம் அதிகாரத்தில் கூட்டம் கூச்சலிட்ட அரங்கம் கீழ்ப்பாதியில் வரும். அதை வாசிக்க அந்தப் படிக்கட்டை விட நல்ல இடம் கிடையாது. ஆனால் பாட்டும் ஜெபமும் சத்தமாக வேண்டுமென்றால் வழிகாட்டி மூலம் முன்கூட்டியே கேளுங்கள், காவலர்கள் நிறுத்திவிடுவதுண்டு. விளக்கம் சொல்வது உரிமம் பெற்ற உள்ளூர் வழிகாட்டியின் வேலை, போதகருக்கு வேதவாசிப்புப் போதும்.

பெர்கமுவில் மலைக்குக் கம்பிவட ஊர்தி உண்டு. புகழ்பெற்ற பலிபீடத்தைத் தேடாதீர்கள், அது பெர்லினுக்குப் போய் நூறாண்டுக்கு மேலாகிறது. தியத்தீராவில் அக்ஹிசார் ஊர் நடுவே வேலிக்குள் கொஞ்சம் கற்கள், பிலதெல்பியாவில் சில செங்கல் தூண்கள், அவ்வளவே. "சபை எங்கே?" என்று கேட்பார்கள். கடிதங்கள் போனது விசுவாசிகளுக்கு, கட்டடத்துக்கு அல்ல என்று புறப்படுமுன்பே சொல்லி வைத்தால் ஏமாற்றம் இருக்காது. இரண்டுக்கும் அரை மணி நேரம் தாராளம். மிச்சமாகும் நேரத்தைச் சர்தைக்குக் கொடுங்கள்: பெரிய யூத ஜெப ஆலயமும், அர்தெமி கோவிலின் மூலையில் ஒட்டிக் கட்டிய சின்னஞ்சிறு தேவாலயமும் இருக்கின்றன.

கடைசி நாள் காலையில் பாமுக்கலேயில், அதாவது பழைய எராப்போலியில், வெள்ளைப் படிகளில் வெறுங்காலோடு நடக்க வேண்டும். ஷூவைப் போட்டுக்கொள்ள ஆளுக்கொரு பை கொண்டுவாருங்கள். வெந்நீரில் கால் நனைத்துவிட்டு நேரே லவோதிக்கேயா போங்கள். அங்கே பழைய தண்ணீர்க் குழாய்கள் கிடக்கின்றன. குனிந்து வாய்ப்பக்கம் பாருங்கள்: பல ஆண்டு கொதித்த கெட்டிலின் அடியைப் போல, சுண்ணாம்பு படிந்து துவாரம் சுருங்கியிருக்கும். இந்தத் தண்ணீர் எராப்போலியிலிருந்து வந்தது என்று சிலர் சொல்வார்கள். உண்மையில் தெற்கே தெனிஸ்லிப் பக்கத்து ஊற்றிலிருந்து வந்தது. அனலுக்கு எராப்போலி, குளிருக்குப் பக்கத்து ஊரான கொலோசெ, நடுவே இந்தச் சுண்ணாம்புத் தண்ணீர் என்று வைத்து, வெதுவெதுப்பான சபையைக் கண்டிக்கும் வெளிப்படுத்தல் 3:16ஐ அந்தக் குழாய் ஓரத்திலேயே வாசியுங்கள்.